எழுபதைத் தாண்டினால் கொதிக்கும் கார்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளைஞர் ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தேடி வந்தார். பழைய கார்கள்மேல் பித்துக் கொண்டவர். எங்கோ ஒரு கோழிக்கொட்டகை ஓரத்தில் செடி முளைத்துக் கிடந்த வண்டியை இழுத்து வந்து, சாயம் பூசி, ஓடவும் வைத்துவிட்டார். ஓடுவதில்தான் ஒரு வில்லங்கம்.

"டவுனுக்குள்ள நாள் பூரா ஓட்டுனாலும் ஒண்ணும் ஆவறதில்லீங்க சார். பைபாஸ்ல ஏறி எம்பதத் தொட்டாப் போதும், சூட்டு முள்ளு சரசரன்னு சிவப்புக்குப் போயிருது. நீங்க பழைய வண்டியெல்லாம் வெச்சிருந்தவருன்னு சொன்னாங்க. சித்தெ வந்து பாருங்களேன்."

நான் வைத்திருந்தது ஒரே ஒரு வண்டி. அதுவும் பாதி நாள் மெக்கானிக்கிடம்தான் இருந்தது. ஆனாலும் நம்மை நம்பி ஒருவர் கூப்பிடும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பாமல் இருக்க முடிகிறதா? போனேன். அவர் பானட்டைத் தூக்கி, துணியைச் சுற்றி, ரேடியேட்டர் மூடியைத் திருகினார். உள்ளே மிச்சமிருந்த ஆவி மெல்ல எழுந்து என் முகத்தில் படிந்தது. கொதித்து ஆறிய இரும்புத் தண்ணீரின் வாசனை. சின்ன வயதில் காசை வாயில் போட்டு உறிஞ்சினால் நாக்கில் ஒரு ருசி வருமே, அதைச் சூடு பண்ணினால் எப்படியிருக்கும், அப்படி. கூடவே வெந்த ரப்பர். நான் குனிந்து அதை இன்னொரு மூச்சு இழுத்தேன். அவர் நான் ஆழமாக யோசிப்பதாக நினைத்திருப்பார்.

பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். டவுனுக்குள் சூடேறாமல் சாலையில் மட்டும் ஏறினால் மின்விசிறியைத் திட்டாதீர்கள், வேகத்தில் காற்று தானாக வரும். கீழே இருக்கும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள், இஞ்சினை முறுக்கும்போது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறதா என்று. தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு பாதியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். குழாய்களில் உப்பு அடைத்திருக்கலாம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சொல்லிக்கொண்டே இருந்தவன், என் வலது கை முன்பக்கக் கம்பிகளுக்கிடையே நுழைந்து ரேடியேட்டரின் கீழ்ப்பாதியைத் தடவிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"அங்க என்னங்க சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. அங்க ஒண்ணும் இல்ல."

உண்மையிலேயே அங்கே ஒன்றுமில்லை. தகடுகள், தூசி, செத்த தும்பி ஒன்று. கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாசனை விரலை விட்டுப் போகவில்லை. அன்று மத்தியானம் தூங்கவும் முடியவில்லை.

என் இளவயதில் எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். அப்பா லாரி டிரைவர், வடக்கு லைன். வடக்கு லைன் என்றால் தில்லிக்கும் அதற்கு மேலேயும். கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணன் சரவணன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தான். மோட்டார் சைக்கிளில் போய்வருவான். ஓர் ஆடி மாதத்துச் சாயங்காலம், புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை வளைகிற இடத்தில், ஒரு லாரியை முந்தப் போனவன் எதிரே வந்த இன்னொன்றைப் பார்க்கவில்லை. இதற்குமேல் அதை எனக்கு எழுத வராது.

சேதி போய்ச் சேர்ந்து, லாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அப்பா ரயிலேறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அம்மா அவரிடம் அழவில்லை. "என்ன வேகத்துல போயிருப்பான்?" என்று கேட்டாள். அவர் வாழ்நாள் பூராவும் சாலையில் இருந்தவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தாள்போல. அவர் குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தார். அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. யார் துக்கம் கேட்க வந்தாலும், எந்தச் சாலையைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், கடைசியில் அம்மா அங்கே வந்து நிற்பாள். என்ன வேகம் இருக்கும்?

மறு வருடம் எனக்கு ஒரு கோழி மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். ராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல், மோகனூர் என்று தினமும் சுற்ற வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது. அம்மா சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

"நாலு சக்கரம் இருந்தா அந்த வேலைக்குப் போ. இல்லீன்னா தறிக்குப் போ."

அப்படித்தான் அந்தக் கார் வந்தது. குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக்காரர் வைத்திருந்தது. அப்பா லைனிலிருந்து திரும்பிய ஒரு நாளில் போய்ப் பார்த்துப் பேசி ஓட்டி வந்தார். மோரில் மஞ்சள் தூள் விழுந்தது போன்ற நிறம். கதவைத் திறந்தால் நூல் வாசனை. இருக்கைத் தையல்களில், கண்ணாடி இடுக்கில், டேஷ்போர்டின் காற்றுத் துளைகளில் எல்லாம் தறிப் பஞ்சு. எவ்வளவு தட்டினாலும் தீராது. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் உள்ளிருந்து பஞ்சு கிளம்பி என் தலையில் இறங்கும். பண்ணைகளில் நான் இறங்கும்போது, "என்னங்க, தம்பி ஒரே ராத்திரியில நரைச்சுப் போயிட்டாப்ல" என்று கேலி பேசுவார்கள். இப்போது கேலி பேச வேண்டிய அவசியமில்லை, தலை அதுவாகவே நரைத்துவிட்டது.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டகளூர் கேட்டில் வந்து நெடுஞ்சாலையில் ஏறினால் போதும், என் பாதம் என்னுடையதாக இருக்காது. சாலை வெயிலில் தண்ணீர்போல் பளபளத்து முன்னால் ஓடும், நான் அதைத் துரத்துவேன். இளமை, திமிர் என்று இப்போது சொல்லிவிடலாம். அது மட்டும் இல்லை. அந்த வளைவில் அண்ணன் எதைப் பார்த்தான், எதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் போன வேகத்தில் போனால் அது தெரிந்துவிடும் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வளைவு வரும், போகும். புளிய மரங்களின் அடியில் பூசிய வெள்ளைப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கோடாகும். ஒன்றும் தெரியாது. மறுநாள் மறுபடியும் போவேன்.

ஒரு நாள் சாலையில் என்னைப் பார்த்துவிட்ட தூரத்து மாமா ஒருவர் நேரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். நான் அப்போது பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"உன்ற பையன் ஓட்டறானா, பறக்கறானா? புதுச்சத்திரத்துக்கிட்ட என்ற வண்டிய ஒரு வெட்டு வெட்டிட்டுப் போறான். ஈரக்கொலையே ஆடிப்போச்சு."

"என்ன வேகமிருக்குமுங்க?"

"நூறுக்குக் கொறையாது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா திட்ட ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்து நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். அன்று சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், அவ்வளவுதான். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனிடம் அவள் எவ்வளவு சொல்லியிருப்பாள். சொல்லிச் சொல்லி ஒன்றும் ஆகவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் கார் கொதிக்க ஆரம்பித்தது.

ஊருக்குள் ஓட்டினால் முள் அசையாது. ராசிபுரம் கடைவீதியில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் அமைதியாக இருக்கும். நெடுஞ்சாலையில் எழுபதைத் தாண்டியதும் சூட்டு முள் எழுந்துகொள்ளும். எண்பதில் பாதி தாண்டும். அதற்குமேல் போனால் பானட்டின் இடுக்கிலிருந்து வெண்மையாக ஒன்று சுருண்டு கிளம்பும். நிறுத்திவிட்டு இறங்கி, பானட்டைத் தூக்கி, உள்ளே பார்ப்பேன். படிக்காமல் போன பரீட்சையில் கேள்வித்தாளைப் பார்ப்பது போலத்தான். ஆனால் போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று முகத்தை மட்டும் விஷயம் தெரிந்தவன்போல் வைத்துக்கொள்வேன்.

எங்கள் மெக்கானிக் பெயர் செங்கோடன். ஆட்டையாம்பட்டி ரோட்டில் ஒரு வேம்புக்கடியில் பட்டறை. வாய் ஓயாமல் பேசுவார். கையில் ஸ்பேனர் இருக்கும்போது இன்னும் கூடுதலாகப் பேசுவார்.

"தம்பி, இது தறிக்காரன் வண்டி. ரேடியேட்டர் பூரா பஞ்சு ஏறியிருக்கும். அதுக்கு மூச்சு முட்டுது" என்றார் முதலில். காற்றடித்துப் பஞ்சை எடுத்தார். பஞ்சு வந்தது. மறுநாளும் கொதித்தது.

"நீங்க கோழி லாரிக்குப் பொறகாலயே போறீங்க. எறகு பூரா மூஞ்சியில வந்து அப்பிக்கும்." இறகும் வந்தது. கொதிப்பு நிற்கவில்லை.

"உங்க ஊட்டு போர் தண்ணி தண்ணியாங்க தம்பி? கல்லக் கரைச்ச மாதிரி இருக்குது. அதக் குடிச்சா மனுசனுக்கே கல்லு வருது, வண்டிக்கு வராதா?" அதன்பிறகு அப்பா குமாரபாளையம் பக்கம் போகும்போதெல்லாம் கேனில் காவிரித் தண்ணீர் பிடித்து வந்தார். புண்ணிய தீர்த்தம்போல் அதை ஊற்றினோம். வண்டிக்குப் புண்ணியம் சேர்ந்திருக்கலாம். எழுபத்தைந்தில் முள் எழுந்தது.

வால்வைக் கழற்றி எறிந்தார். ஹோஸை மாற்றினார். பெல்ட்டை மாற்றினார். ஒவ்வொரு முறையும், "ஒரு எட்டு போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்புவார். போய்க் கொதிக்கவிட்டுக்கொண்டு திரும்புவேன். கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்க்காமல் வேம்பைப் பார்ப்பார். அப்புறம் ஒரே கேள்வி.

"எழுவதுலயே போனா என்னங்க தம்பி? அங்க யாரு காத்துக்கிட்டிருக்காங்க?"

வேலை தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் அம்மா விடமாட்டாள். "செங்கோடன் கைராசிக்காரன்" என்பாள். அவருடைய கைராசியைத்தான் நான் தினமும் சாலையோரம் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கிச் சூடாச்சா சாமி?"

"ஆச்சும்மா. தொலையட்டும் இந்தக் கெரகம்."

"ஆவுட்டும், ஆவுட்டும். பழைய வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும்."

அவள் முகம் அந்த நேரத்தில் லேசாகத் தெளியும். என்மேல் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் என்னை எல்லாரும் முந்திக்கொண்டு போன காலம் அது. டிராக்டரைத் தவிர யாரும் எனக்குப் பின்னால் இல்லை. மொபெட்டில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு போகிற ஒருவர் தினமும் புதுச்சத்திரம் ஏற்றத்தில் என்னைத் தாண்டுவார், தாண்டும்போது ஒரு வணக்கமும் வைப்பார். மேலாளர் ஒரு பக்கம் பிய்த்தெடுத்தார். ஆனால் எல்லா நாளும் எழுபதில் போக முடிகிற ஆள் இல்லை நான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அழுத்திவிடுவேன். அழுத்தினால் கொதிக்கும். கொதித்தால் நிற்க வேண்டும்.

சித்திரை வெயிலில் ஒரு பகல். வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆவி கிளம்பிவிட்டது. அன்றைக்குச் சாலையோரம் மண் கொட்டிக் குவித்திருந்தார்கள், இறக்கி நிறுத்த இடமில்லை. வண்டியின் பாதி உடம்பு தார்மேலேயே நின்றது. எனக்கு அவசரம். ஆறட்டும் என்று காத்திருக்காமல் துண்டைப் போட்டு மூடியைத் திருகினேன். கொதிநீர் சீறிக்கொண்டு வந்து முழங்கைக்குக் கீழே முழுதாக நனைத்தது. கத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன், சாலைப் பக்கம். ஹாரன் சத்தம் என் முதுகிலேயே கேட்டது. ஒரு ரிக் லாரி. போர் போடும் இரும்புக் கோபுரத்தைப் படுக்கப்போட்டுக்கொண்டு போகுமே, அது. அதன் காற்று என்னைத் தூக்கிக் காரின்மேல் அடித்தது. கையிலிருந்த துண்டு போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்த முட்டை லாரிக்காரர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, நடு ரோட்டுல நின்னுட்டு என்னத்தப் பாக்கறீங்க? சாவறதுக்கு வேற எடமே இல்லீங்களா?"

அவர் கோபத்தில் கேட்டார். நான் திரும்பி வளைவைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.  மண்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரே இறங்கி வந்து, திட்டிக்கொண்டே, மண்குவியல் முடியும் இடம்வரை வண்டியைத் தள்ளி ஓரம்கட்டினார். திட்டிக்கொண்டே தன் தண்ணீர்க் கேனை என் கையில் ஊற்றினார்.

இதை வீட்டில் சிரிப்பாகத்தான் சொன்னேன். அந்த வயதில் பயத்தை வேறெப்படிச் சொல்வது? முட்டை லாரிக்காரர் மாதிரியே தலையை நீட்டி நடித்துக் காட்டினேன். "சாவறதுக்கு வேற எடமே இல்லீங்களாங்கறாரு!" அம்மா சோற்றுக் கற்றாழையைக் கீறி என் கையில் தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எங்க நின்ன?"

"புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம்."

"வளைவுலயா?"

"தாண்டிம்மா. கொஞ்சம் தாண்டி."

"லாரி எவ்வளவு கிட்டக்க வந்துச்சு?"

நான் சிரித்துக்கொண்டே கையை அகட்டிக் காட்டினேன். அவள் அந்த இடைவெளியைப் பார்த்தாள். என் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த அந்த வெறும் காற்றை அப்படியொரு பார்வை பார்த்தாள். பிறகு கற்றாழையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். மாட்டுக்குச் சோளத் தட்டுப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். தட்டு ஏற்கெனவே போட்டிருந்தது.

கை எரிச்சலில் விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. வெளுக்கத் தொடங்கியிருந்தது. வாசலில் ஏதோ உரசும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். காருக்கு முன்னால் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கருக்கரிவாள். ஒரு கை முழங்கைவரை காரின் வாய்க்குள் போயிருந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை மூடி, விரலால் தேடிக்கொண்டிருந்தாள். கன்று குறுக்கே கிடந்து மாடு ஈன முடியாமல் தவித்த ஓர் இரவில் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன். எதையோ அறுத்தாள். இழுத்தாள். நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி இழுத்தாள். கறுப்பாக, நீளமாக, கம்பிகளுக்கிடையே நெரிந்து நெரிந்து ஒரு சாக்கு வெளியே வந்தது.

அந்தச் சாக்கை எனக்குத் தெரியும். மார்கழியில் அப்பா வடக்கே கிளம்பும்போது அம்மா சாக்கை இரண்டாக மடித்து, ஓரத்தை உள்ளே சுருட்டி, கோணி ஊசியால் சணல் கோத்து, எறும்பு ஊர்வதுபோல் பொடித் தையல் போட்டுத் தருவாள். லாரி ரேடியேட்டரின் முன்னால் அதைக் கட்டிக்கொள்வார்கள். பனிக்காற்று நேரே அடித்தால் அந்த ஊர்க் குளிரில் இஞ்சின் சூடே பிடிக்காது என்பார் அப்பா. எங்கள் பக்கத்தில் லைனுக்குப் போகிற எல்லா வீட்டிலும் இந்தத் தையல் உண்டு. குளிருக்காகப் போர்த்தும் அந்தச் சாக்கைச் சித்திரை வெயிலில், சேலம் சாலையில் ஓடும் காருக்கு, கீழ்ப்பாதிக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்திருந்தாள். மெதுவாகப் போனால் பாதிக் காற்றே போதும். வேகமெடுத்தால் போதாது. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. என்னவெல்லாம் யோசித்திருப்பாள், எத்தனை நாள் யோசித்திருப்பாள்.

வெளியே போய், "என்னம்மா இது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.  அவள் சாக்கை உதறினாள். பஞ்சும் இறகும் பூச்சிச் சிறகுகளும் உதிர்ந்தன. மடித்து எடுத்துப் போய்க் கன்றுக்குட்டிக்கு விரித்துவிட்டாள். பிறகு திரும்பி வந்து காரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கட்டிவைத்தால் நடுச்சாலையில் நின்று சாவான். அவிழ்த்துவிட்டால் ஓடிச் சாவான். அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று செங்கோடன் பட்டறைக்குப் போனேன். "வண்டி சரியாயிருச்சுங்கண்ணா" என்றேன்.

"அம்மா எடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒரு நா மத்தியானம் நடந்தே வந்தாங்க தம்பி. சாக்கத் தெச்சு மடியில வெச்சுக்கிட்டு. 'செங்கோடா, இதக் கட்டி உடு, எழுவதத் தாண்டுனா கொதிக்கோணும்'னாங்க. வேண்டாமுங்க, இஞ்சின் போயிரும்னேன். 'இஞ்சின் போனா வேற வாங்கிக்கலாம்'னாங்க. அப்பறம் நான் என்னத்தச் சொல்றது?"

"அப்ப அந்த ஹோசு, வால்வு, பெல்ட்டு?"

"அதுவும் பழசுதானுங்களே" என்றார். முகத்தில் வெட்கம் கொஞ்சமும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பியபோது முன்னிருக்கையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலுக்கிடையில் தண்ணீர்க் கேன். "வண்டி வழியில சூடானா ஊத்தோணுமல்லோ" என்றாள். இனி சூடாகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் கேனைப் பார்த்துக்கொண்டோம். "செரி, ஆவுட்டும்" என்று கிளப்பினேன்.

அப்படி எத்தனையோ நாள் என்னோடு வந்தாள். அம்மாவோடு பண்ணைக்கு வரும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நாமக்கல் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு, "அம்மா வல்லீங்களா இன்னிக்கி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் கூண்டுகளுக்கு நடுவே நடந்து போய், "இதென்னுங்க, இந்தப் பக்கத்துக் கோழியெல்லாம் கொண்டை வெளுத்துக் கெடக்குது?" என்பாள். பண்ணைக்காரர் பதறிப்போய் என்னிடம் மருந்து கேட்பார். சாலையில் அவளுடைய கண் என் முன்னாலிருந்த முட்களிலேயே இருக்கும். எண் படிக்கத் தெரியாது, சாய்வு தெரியும். "முள்ளு அக்கட்டால சாயுது பாரு" என்பாள். புதுச்சத்திரம் வளைவு வரும்போது, கியரின் மேலிருக்கும் என் கையின்மேல் அவள் கை வந்து உட்காரும். காய்ப்புப் பிடித்த கனமான கை. வளைவு முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் இருக்கும். அப்புறம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வெற்றிலையை மடிப்பாள்.

நான் வேகத்தை விட்டது எப்போது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் பார்த்தது என்ன என்கிற கேள்வியும் எப்போதோ அந்தக் கைக்கு அடியில் நசுங்கிப் போயிற்று.

பிறகு கார் பழைய இரும்புக்குப் போனது. அப்பா போனார். செங்கோடன் பட்டறையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாலையை நான்கு தடமாக்கியபோது புளிய மரங்களை வெட்டினார்கள். வளைவை நிமிர்த்தினார்கள். எந்த இடம் என்று இப்போது என்னால் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அந்த இடத்துக்குமேல் மண்ணும் ஜல்லியும் தாரும் கொட்டி உருளை ஓட்டியாகிவிட்டது.

அம்மா இருக்கிறாள். என்னோடுதான், சேலத்தில். சில வருடங்களாக ஒவ்வொன்றாக உதிர்கிறது. முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தாள். பிறகு ஊரை, உறவுகளை. அப்பாவை ஒரு நாள், "அந்த டிரைவர்க்காரரு" என்றாள். அண்ணன் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் நின்று, "இந்தப் பையன் ஆரு, லட்சணமா இருக்கறான்" என்று என் மனைவியிடம் கேட்டாள். அன்றைக்கு நான் மாடிக்குப் போய்விட்டேன்.

போன மாதம் மருத்துவரிடம் காட்ட அவளை நாமக்கல்லுக்கு அழைத்துப் போனேன். புதுக் கார். பாட்டு, குளிர்ச்சி, சத்தமே இல்லாத இஞ்சின். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் என் பாதம் பழக்கத்தில் தளர்ந்தது. புதுச்சத்திரம் வந்துகொண்டிருந்தது. கியரின்மேல் கையை வைத்துக் காத்திருந்தேன், அந்தக் கனத்துக்காக. அவள் டேஷ்போர்டில் இரண்டு கைகளையும் ஊன்றிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் பளபளத்தன. வலது பக்கம் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"அவன் போறான் பாரு! உடாத சாமி, அவனப் புடி. வெரசாப் போ."

நான் போகவில்லை. போக முடியவில்லை. லாரி சிறுத்துக்கொண்டே போனது.

"ஏஞ் சாமி இப்பிடி உருட்டற? எல்லாரும் நம்மளத் தாண்டிப் போறாங்க. இந்த வண்டியில என்னமோ கோளாறு இருக்குது."

"ஆமாம்மா" என்றேன். "வேகமாப் போனாச் சூடாயிருது."

"அப்பிடியா" என்றாள் அம்மா. முகத்தில் சலிப்பு மட்டும்தான் இருந்தது. தாண்டிப் போகிற வண்டிகளை மறுபடியும் ஆசையோடு பார்க்கத் தொடங்கினாள்.